வீராம்பட்டினத்தில் தங்கிய பினாங்குக் குருமடம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் வரலாற்றை நம்மில் பலர் ஓரளவு அறிவோம். குருமாரைப் பயிற்றுவித்த நிலையங்களின் வரலாற்றையோ அந்தந்தச் சமயத்தாரன்றிப் பிறர் நோக்குவதில்லை. பிறையிலிருந்து கடல் கடந்தால் நாம் அடையும் பினாங்குத் தீவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கத்தோலிக்கக் குருமடம் இருந்து வருகிறது. கொலேஜ் ஜெனரல் என்பது அதன் பெயர். அது தமிழ் மண்ணிலும் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தது என்பதைத் தமிழாசிரியர் பலர் அறியார்.

பாரிசு நகரத்து அயல்நாட்டு மறைப்பணிச் சங்கத்தார் 1665-இல் சயாமின் தலைநகரான அயுத்தியாவில் இதைத் தொடங்கினர். அயல்நாட்டுக் குருமாரை எந்த அரசனும் ஒரே ஆணையால் விரட்டிவிடலாம். அந்தந்த நாட்டிற் பிறந்தோரே குருவானால் சமயம் அங்கே வேர்கொண்டு நிற்கும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே பல நாட்டு மாணாக்கரையும் ஓரிடத்தில் சேர்த்தனர்.

நூறாண்டு கழிந்ததும் பர்மியப் படை வந்தது. 1765-இல் மடம் கம்போடியக் கடலோரத்து ஹோன் தாத் என்னும் இடத்திற்குப் பெயர்ந்தது. அங்கும் அமைதியில்லை. மடத்தின் தலைவர் பினோ 1768-இல் சிறையில் அடைக்கப்பட்டார். மறு ஆண்டு, எஞ்சிய மாணாக்கரோடு அவர் கப்பலேறினார். மலாக்கா வழியாக வந்து, 1770-இல் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் மடத்தை மீண்டும் நிறுவினார்.

வீராம்பட்டினம் என்றதும் அதன் அருகிலுள்ள அரிக்கமேடு நினைவுக்கு வரும். 1945-இல் வீலர் அகழ்ந்து, உரோம நாட்டு வாணிகத்தின் சான்றுகளைக் கண்ட இடம் அது. ஆனால், இன்று அங்கே தரைக்கு மேல் தெரியும் செங்கற் சுவர்கள் உரோமர் காலத்தன அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கிறித்தவ மறைப்பணியாளர் இல்லத்தின் எச்சங்கள். மாணவரை அழைத்துச் செல்வோர் இதை மறவாது சொல்லுதல் நன்று.

புதுச்சேரிப் பகுதியில் இருந்த காலத்தில்தான், வியட்நாமியர் துணையோடு, பினோ வியட்நாமிய-லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1774-இல் சென்னைச் சாந்தோமில் அவருக்கு ஆயர் பட்டம் அளிக்கப்பட்டது. 1782-இல் வீராம்பட்டினத்து மடம் மூடப்பட்டது. 1808-இல் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த பினாங்கில் அது மறுபடி திறக்கப்பட்டு, பின்னர் புலாவ் தீக்குசில் நிலைத்தது.

அங்கே கற்பித்த இம்பேர், சஸ்தான் இருவரும் 1839-இல் கொரியாவில் கொல்லப்பட்டனர். அங்கே கற்ற வியட்நாமியராகிய பான் வான் மின் 1853-இல் தம் நாட்டில் உயிர் துறந்தார். பயிற்சி முடித்துத் திரும்புவோனுக்குக் காத்திருந்தது பதவியன்று, சில வேளை வாள். இதைத் தெரிந்தே பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினர். சுங்கைப் பட்டாணியிற் பிறந்து, அங்கே பயின்று, 1966-இல் குருவான அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனார், 2020-இல் மறைந்தார். மடமோ 1984-இல் தஞ்சோங் பூங்காவிற்குச் சென்றுவிட்டது.

ஆசிரியனாகிய என் மனத்தை ஈர்ப்பது பாடமொழி. சீனரும் சயாமியரும் வியட்நாமியரும் ஒருங்கே கற்க லத்தீன் பொதுமொழியாயிற்று. எவர்க்கும் தாய்மொழியன்று, ஆதலின் எவர்க்கும் சலுகையில்லை. ஆனால், ஊர் திரும்பியவன் உழவனிடமும் மீனவனிடமும் லத்தீனில் பேச முடியுமா? பினோவின் அகராதி அந்த இடைவெளியை அறிந்தவர் செய்த வேலை என்றே எண்ணுகிறேன்.

இன்று அங்கே ஆங்கிலமே பாடமொழி. தமிழ் மக்களுக்கு மறையுரை ஆற்ற வேண்டிய இளைஞனுக்கு அந்தத் தமிழ் எங்கிருந்து வரும்? குருமடத்திற்கு முன்பே, ஆறு ஆண்டுத் தமிழ்ப்பள்ளியில் பெற்றதுதான் பெரும்பாலும் அவன் முதல். தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த ஒருவன் குருமாணவனாகி, விடுமுறையில் வந்தான். "சார், வாசகம் படிக்கும்போது ழகரம் தடுக்குகிறது, பாட்டிமார் சிரிக்கிறார்கள்" என்றான். நான்காம் வகுப்பில் நான் திருத்தாது விட்ட ழகரம் அது. மாலைதோறும் இருவரும் அமர்ந்து, பழைய வாசகப் புத்தகத்தை உரக்கப் படித்தோம்.