குசினிக்குள்ள இருக்கிற வரலாறு

காத்தான்குடி பூர்வீக நூதனசாலை 2015 இல் திறக்கப்பட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைப் பார்க்கக் கல்முனைப் பக்கமிருந்து நாங்களும் போனோம். கலைப்பீடத்தில் படிக்கிறவங்க என்பதால் பழைய ஆவணங்களுக்கு முன்னாலதான் நிற்போம் என்று நீங்க நினைக்கலாம். ஆனா நாங்க அதிக நேரம் நின்றது சமையல் சாமான்களுக்கு முன்னால.

"இதெல்லாம் உம்மம்மா வீட்டுலயும் கிடந்ததுதானே" என்று கடந்து போறது சுகம். கொஞ்சம் நின்று யோசிச்சா வேற கதை வருது.

முதல்ல சொற்களைப் பார்ப்போம். எங்கட ஊர்ல சமையலறைக்குக் குசினி என்றுதான் பேர். அது போர்த்துக்கேயச் சொல். பாண், கோப்பை, அலுமாரி எல்லாம் அந்த வழியால வந்தவைதான். 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1626 இல் தங்கட ஆட்சியில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினாங்க. கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். துரத்தினவங்களோட சொல்லை வைச்சுக்கொண்டுதான் 400 வருஷமாச் சமைக்கிறோம்.

மிளகாயும் அப்படித்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கேயர் காலத்தில் இங்க வந்தது. அதுக்கு முதல் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு. புதுசா வந்த காய்க்கும் மிளகின் பேரையே வைச்சு 'மிளகாய்' ஆக்கிட்டோம். நாலைந்து பேர் ஒன்றாக இருந்து சாப்பிடுற 'சஹன்' அரபுச் சொல். ஆனா அம்மி, உரல், உலக்கை, புட்டு எல்லாம் பக்கத்துக் காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழ் வீடுகள்ல உள்ளவைதான். ஒரு உரலைப் பார்த்து அது யார் வீட்டு உரல் என்று சொல்லேலாது. யுத்தம் எங்களைப் பிரிச்சு வைக்க முந்தின கதை அந்த உரலில் இருக்கு.

இன்னொரு விஷயம், இந்தக் குசினி யாருடையது? எங்கட கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிச்ச மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். குடியும் தாய்வழியாலதான் வரும். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளிவந்த தன் நூலில், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இந்தத் தாய்வழி முறையை விரிவாக எழுதியிருக்கார். அப்படியென்றால் குசினி என்பது உம்மாவிடமிருந்து மகளுக்குப் போற சொத்து. ஆனா ஊர் வரலாறு என்று நாங்க கேட்டு வளர்ந்ததில் போடியார்மாரும் அரசியல்வாதிகளும்தான் வாறாங்க. அந்தச் சொத்தைக் கைமாற்றின பெண்கள் பேர் இல்லாமலே போயிட்டாங்க.

2004 டிசம்பர் 26. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானாங்க. நாட்டிலேயே ஆகக் கூடிய இழப்பு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையில் வீடுகளே இல்லாமல் போன இடத்தில், சட்டி பானையைக் கணக்குப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஆனா அந்த வீடுகளோட போனது சாமான் மட்டுமில்ல. அதைப் புழங்கத் தெரிஞ்ச உம்மாமாரும் போயிட்டாங்க.

நூதனசாலையில் சாமான் பத்திரமா இருக்கும். அதைப் புழங்கின கதையை நாங்கதான் கேட்டு வைக்கணும். இந்த லீவில் ஃபோன்ல ரெக்கோர்டரைப் போட்டு உங்கட உம்மம்மாவிடம் கேளுங்க: இந்தச் செம்புப் பானை யார் தந்தது? எழுபதுகளில் பாணுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தப்போ மரவள்ளியை வைச்சு எப்படிச் சமாளிச்சீங்க? பேரையும் வருஷத்தையும் மறக்காமக் குறிச்சுக்கொள்ளுங்க.