வென்றவர் இழந்த மொழி

என் தமக்கை மகன் கணிப்பொறியில் ஆடும் போர் விளையாட்டொன்றை அண்மையில் அருகிருந்து காண நேர்ந்தது. 'மெடீவல்: டோட்டல் வார்' என்னும் விளையாட்டின் தொடர்ச்சியாக 2003இல் வெளிவந்த 'வைக்கிங் இன்வேஷன்' அது. பிரித்தானியத் தீவுகளின் வரைபடம் திரையில் விரிகிறது; ஆண்டு 793. கடல் கடந்து வரும் வைக்கிங்குகளாகவும் ஆடலாம். அவர்களை எதிர்த்து நிற்கும் சாக்சன் அரசுகளுள் ஒன்றாகவும் ஆடலாம். ஒரு நாடு வீழ்ந்ததும் வரைபடத்தில் அதன் நிறம் மாறுகிறது. "அவ்வளவுதான் மாமா, இனி இது நம்முடையது" என்றான் பிள்ளை. அந்நாட்டு மக்கள் மறுநாள் காலை எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்ற வினா என்னுள் எழுந்தது. விளையாட்டில் அதற்கு விடையில்லை, வரலாற்றில் உண்டு.

793இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் துறவிமடத்தைச் சூறையாடினர். 865இல் வந்த பெரும்படையோ கொள்ளையோடு திரும்பவில்லை. சாக்சன் அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தியது. எஞ்சிய வெசெக்சு நாட்டை மன்னன் ஆல்ஃபிரட் 878இல் எடிங்டன் போரில் வென்று காத்தான். வாளை உறையிலிட்டபின் அவன் மேற்கொண்ட பணி நம் போன்றோர் எண்ணிப்பார்க்கத் தக்கது. இலத்தீன் நூல்களை மக்கள் மொழியாகிய ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்தான். நாட்டு நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகக் கூறும் ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடும் அவன் காலத்தில் ஆங்கிலத்திலேயே தொகுக்கப்பெற்றது.

வடக்கிலும் கிழக்கிலும் தங்கிவிட்ட டேனியர் காலப்போக்கில் உழவராயினர், மணவுறவு கொண்டனர். வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', சட்டத்தைக் குறிக்கும் 'லா', 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே' ஆகியன அவர்கள் மொழி தந்த சொற்கள். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்குவது எம்மொழிக்கும் இயல்பு. 'அவர்கள்' என்பதையே கடன் வாங்குவது, இரு மக்களும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசியதன் சான்று.

1066இல் வந்த சோதனை வேறுவகை. செப்டம்பர் 25 அன்று மன்னன் ஹரால்டு வடக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வே மன்னன் ஹார்ட்ராடாவை வீழ்த்தினான். மூன்றே நாளில் நார்மாண்டிக் கோமகன் வில்லியம் தெற்கே பெவன்சியில் கரையிறங்கினான். களைத்த படையுடன் விரைந்து திரும்பிய ஹரால்டு, அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் களத்தில் மாண்டான். கிறிஸ்துமஸ் நாளில் வில்லியம் முடிசூடினான். வரைபடத்தின் நிறம் மாறிவிட்டது.

அதன்பின் நேர்ந்தவை கொடியவை. 1069-70ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வடபுலம் எரிக்கப்பட்டது. மக்கள் பசியால் மடிந்தனர். 1086இல் எடுத்த நிலக் கணக்கில் பெருநிலக்கிழாராக எஞ்சியிருந்த ஆங்கிலேயர் மிகச் சிலரே. அக்கணக்கும் இலத்தீனில் எழுதப்பட்டது. அரசவையில் ஒலித்தது பிரெஞ்சு. நம் ஊரிலும் வழங்கும் 'கோர்ட்டு', 'ஜட்ஜ்' என்னும் சொற்கள் அவ்வழியே ஆங்கிலத்துள் புகுந்தவைதாம். மன்னனும் மதகுருவும் கைவிட்ட மொழிக்குப் புரவலர் எவர்?

பீட்டர்பரோ மடத்தை நோக்குவோம். 1116இல் அம்மடம் தீக்கிரையாயிற்று. துறவியர் வேறோரிடத்துக் குறிப்பேட்டை இரவல் பெற்று, 1121ஐ ஒட்டிப் புதிதாகப் படியெடுத்தனர். பின் தொடர்ந்தும் எழுதினர். ஆங்கிலத்தில் எழுதுவதால் எப்பயனும் கிட்டாத நாட்களில், 1154ஆம் ஆண்டுச் செய்திவரை எழுதினர். அதன் இறுதிப் பக்கங்களில் பழைய வேற்றுமை உருபுகள் தேய்கின்றன, சொல்லமைதி மாறுகிறது. இலக்கணம் காக்கும் புலவர்க்கு அது சிதைவாகத் தோன்றலாம். எனக்கோ, உயிருள்ள மொழி மூச்சுவிடும் ஓசையாகவே கேட்கிறது. எழுதியவர் பெயரும் நமக்குத் தெரியாது.

வென்றோர் கதைக்கும் ஒரு முன்கதை உண்டு. நார்மன்கள் பிறப்பால் வடபுலத்தார். 911இல் அவர்தம் தலைவன் ரோலோ பிரெஞ்சு மன்னனிடம் நிலம் பெற்றுக் குடியமர்ந்தான். சில தலைமுறைகளில் அவன் வழியினர் தாய்மொழியை மறந்து பிரெஞ்சு பேசினர். இங்கிலாந்தை வென்ற பின்னரோ, அவர்தம் வழிவந்தோர் அந்தப் பிரெஞ்சையும் இழந்தனர். 1204இல் நார்மாண்டி கைவிட்டுப் போயிற்று. 1362இல், வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெறுக என்று சட்டம் பிறந்தது. அச்சட்டம் எழுதப்பட்டதோ பிரெஞ்சில்! அந்நூற்றாண்டு முடியுமுன் சாசர் தம் கான்டர்பரிக் கதைகளை ஆங்கிலத்தில் பாடினார்.

வாளால் வென்றவர் இருமுறை மொழியிழந்தனர். தோற்றவர் மொழி, வந்தாரின் சொற்களையும் ஏற்றுக்கொண்டு வாழ்ந்தது. அதனைக் காத்தவர் தாலாட்டிய தாயர், ஏர் பிடித்தோர், எரிந்த மடத்தில் மீண்டும் ஏடு விரித்த துறவியர். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் நம் வட்டத்தார்க்கு, அவ்வேட்டின் நினைவை இம்மலரில் வைக்கிறேன்.