சோழர் அரண்மனையில் தேவியர்

பொலன்னறுவையில் சோழர் எடுத்த கற்றளி ஒன்று இன்றும் உருக்குலையாமல் நிற்கின்றது. இரண்டாம் சிவதேவாலயம் எனத் தொல்பொருளார் குறிக்கும் அக்கோயிலின் பழம்பெயர் வானவன்மாதேவி ஈச்சரம் என்பதாகும். பெயரளித்த அரசி யாவள்? சுந்தர சோழனின் தேவியும் வானவன் மாதேவியே. அவள் மகன் முதலாம் இராசராசனின் தேவியரில், இராசேந்திரனைப் பெற்றவளும் அப்பெயரையே தாங்கினாள். பின்னவளே இவள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. மாமியும் மருமகளும் ஒரே பெயரால் வழங்கப்பெற்றது, அப்பெயர் ஆளைவிட அரியணைக்கே உரியதாயிருந்தது என்பதைக் காட்டும்.

இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை ஈழமண்டலம் உட்பட நிரல்படக் கூறும். திருமகளும் நிலமகளும் அதில் அவனுக்குரியவராகப் போற்றப்படுவர். மணந்த மனைவியர் பெயரோ அங்கில்லை. அவர்களைக் காண வேண்டுமாயின் கோயிற் சுவர்களில் பொறித்த கொடைக் கணக்குகளையே நாடவேண்டும்.

பட்டத்தரசி தந்திசக்தி விடங்கி என்னும் உலோகமாதேவி திருவையாற்றில் வட கயிலாயத்தை எடுப்பித்தாள். திருவிசலூரில் இராசராசன் துலாபாரம் புகுந்தபோது அவளும் இரணியகர்ப்பம் என்னும் பெருந்தானம் செய்தாள். கணவன் கொடுக்கக் கண்டிருந்தவள் அல்லள்; தன் கையாலும் கொடுத்தவள். ஆயின் அரண்மனை என்பது தேவியர் மட்டும் வாழ்ந்த இடமன்று. வேளம் எனப்பட்ட குடியிருப்புகளில் ஏவற்பெண்டிர் பலர் இருந்தனர். போரிற் சிறைபிடிக்கப்பட்ட மகளிரும் அவருள் அடங்குவர். அரசியின் கொடை கல்லில் நின்றது. ஏவற்பெண்டிரிற் பெரும்பாலாரின் பெயரும் நிற்கவில்லை.

அரசன் மறைந்தபின் அரசியின் நிலை யாதாயிற்று? ஒரே குலத்து இரு கைம்பெண்களின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

முதல்வி, மழவரையர் மகளும் கண்டராதித்தனின் தேவியுமான செம்பியன் மாதேவி. 957-ஆம் ஆண்டளவில் கணவன் மறைந்தபோது மகன் உத்தமன் சிறுவன். அரியணை கணவனின் தம்பி அரிஞ்சயனின் வழிக்குச் சென்றது. அவ்வழியினனான சுந்தர சோழன் ஆண்டு முடித்த பின்னரே உத்தமன் முடிசூடினான். அரசு கைமாறிய அரண்மனையில் அவள் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தாள். 1001-இலும் அவள் பெயர் கல்வெட்டில் வருகின்றது. செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றுவித்ததே அவள் தேர்ந்துகொண்ட பணி. திருநல்லம் என்ற கோனேரிராசபுரத்தில் கணவன் பெயரால் கோயிலெடுத்து, அவன் இலிங்கத்தை வழிபடும் உருவத்தையும் சுவரிற் செதுக்குவித்தாள். அவளைத் தூண்டியது பக்தியே. எனினும், வாரிசுரிமை தள்ளிப்போன ஒரு மகனின் தாய், கணவனின் பெயரை ஊரூராகக் கல்லில் ஊன்றியதற்கு அரசியல் நோக்கம் சிறிதும் இல்லை என்று எளிதிற் கூறிவிடல் இயலாது. பிற்காலத்தே அவள் பெயராலமைந்த ஊரில், அவள் பிறந்த சித்திரைக் கேட்டையில் விழா நடைபெற மருமக்கள் நிவந்தம் அளித்தனர்.

மற்றவள், மலையமான் குலத்து வானவன் மாதேவி. மேலே கூறிய மாமி இவளே. சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர்நீத்தபோது அவள் உடன்கட்டை ஏறினாள். பால்குடி மறவாத மகவையும் பிரிந்து சென்றாள் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டு அவளைப் புகழ்கின்றது. அப்புகழ்ச்சியைப் படிப்போர் நெஞ்சம் செல்வதோ அம்மகவின்பால். உடன்கட்டை அரசியர் அனைவர்க்கும் விதித்த கட்டளையன்று. செம்பியன் மாதேவி வாழ்ந்த வாழ்வே சான்று. ஆயின் வானவன் மாதேவி தானே விரும்பி ஏறினாளா, பிறர் எதிர்பார்ப்புக்கு இணங்கினாளா என்பதைப் புகழ்பாடும் கல்லிடம் வினவிப் பயனில்லை.

அவள் மகள் குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவியாகி, தம்பி இராசராசனின் ஆட்சியிற் பெருஞ்சிறப்புடன் விளங்கினாள். தஞ்சைப் பெரியகோயிலில் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எழுந்தருளுவித்தவள் அவளே என்பர். தான் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாடு முட்டின்றி நடைபெறும் பொருட்டு, ஊர்ச்சபைகளிடம் காசை வட்டிக்கு வைத்து, அக்கணக்கையும் கல்லில் வெட்டுவித்தாள்.