ஈஞ்சம்பாக்கத்து அலையும் கோக்கர்ஸ் வாக் மேகமும்

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில் விடியற்காலை நின்றால், சில நாள் பெரியகுளம் பக்கத்துச் சமவெளியே தெரியாது. மேகம் நிரம்பிக் கிடக்கும். மலைமுகடுகள் தீவுகளாக நிற்கும். "கடல் மாதிரியே இருக்கு" என்று சொல்லாதவர் இல்லை. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த அந்தப் பாதையில் ஈசலை நிறுத்தி, கடல் வரையும் முறையிலேயே ஆயில் பெயின்டில் அதை வரைந்தேன். கித்தானில் வந்தது பஞ்சு மூட்டை.

ஈஞ்சம்பாக்கம் கரையில் கடலுக்கு எலும்பு உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய ஊர் அது. அங்கே தொடுவானம் ஒரே கோடு. கரையில் நிற்பவருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அலை மடிவதற்கு முன் அதன் மேல்விளிம்பு மெலிகிறது. அங்கே வெயில் ஊடுருவிப் பச்சை மின்னும். அடியில் இருண்ட நிறத்தை மெல்லியதாகப் பூசி, காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் கலந்த பச்சையை ஏற்றினால்தான் அந்த மினுக்கம் பிடிபடும். நுரைகூட முழு வெள்ளை இல்லை. அதன் நிழல் பக்கம் நீலச் சாம்பல். வெயில் படும் இடத்தில் மட்டும் கத்தியால் தடித்த வெள்ளையை ஒரு அப்பு.

மேகத்தில் இந்த வித்தை எதுவும் செல்லாது. அதற்கு விளிம்பே கிடையாது. காயவிடாமல் ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசி, உலர்ந்த அகலப் பிரஷால் வருட வேண்டும். இதற்குக் குளிர் துணை. ஆயில் பெயின்ட் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. கொடைக்கானல் குளிரில் அந்த வேலை நிதானமாக நடக்கும்.

கடலில் ஒரு அலையைத் தவறவிட்டால் அதே வாகில் இன்னொன்று வரும். மேகம் திரும்பி வராது. ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி கடலையே அறைக்குள் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்தவர். அவர் வழி மேகத்துக்குத்தான் அதிகம் பொருந்தும் என்பேன்: பாதையில் பென்சில் குறிப்பு, அறையில் வண்ணம்.

தொல்லையிலும் வித்தியாசம் உண்டு. மலைத் தூறல் எண்ணெய்ப் பரப்பில் முத்தாக உருளும், உதறினால் போயிற்று. கடற்கரை மணல் ஈரப் பெயின்டில் ஒட்டினால் படத்தோடுதான் வீட்டுக்கு வரும்.

இரண்டில் கடினம் கடல்தான். மேகத்தில் செய்த பிழையை இன்னொரு மேகம் மூடிவிடும். தொடுவானம் ஒரு நூல் சாய்ந்தாலோ, கடல் முழுக்க ஒரு பக்கமாகக் கொட்டுவதுபோல் தெரியும். புதிதாகப் பிரஷ் எடுப்பவர்கள் ஒரு வாரம் மேகத்தில் கையைப் பழக்குங்கள். ஈஞ்சம்பாக்கம் வரும்போது மறக்காமல் ஒரு அளவுகோல் கொண்டு வாருங்கள்.