பழைய காகிதத்தில் பிறந்த கூடை

உங்கள் வீட்டுப் பரணில் எப்போதாவது ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் ஈயம் போன வெண்கலப் பானைக்கும் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு கூடை கிடக்கக்கூடும். கையில் எடுத்தால் கனமே இராது. விரலால் தட்டினால் மரப்பெட்டியைத் தட்டியது போல் ஒலிக்கும். விளிம்பைச் சுற்றிப் பழைய சேலைக் கரை ஒட்டப்பட்டிருக்கும். அது மூங்கிலும் அன்று, பிரம்பும் அன்று, தகரமும் அன்று. உங்கள் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்துடன் அரைத்துச் செய்த காகிதக் கூடை அது.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலும், இத்தகைய கூடைகளை இல்லத்தரசிகள் தாமே செய்துகொண்டனர். கடைக்குப் போக வேண்டியதில்லை. செலவு ஒரு பிடி வெந்தயம்தான். செய்முறை தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாக வந்தது. இந்த எளிய கூடைக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம், வாருங்கள்.

கழிவில் பிறந்த காகிதம்

முதலில் காகிதத்தின் கதை. கி.பி. 105 ஆம் ஆண்டில் சீன அரண்மனை அதிகாரியான சாய் லுன் என்பவர் காகிதம் செய்யும் முறையைத் தம் பேரரசருக்கு எடுத்துரைத்தார் என்று சீன வரலாறு கூறுகிறது. அவர் பயன்படுத்திய மூலப் பொருள்கள் யாவை? மரப்பட்டை, சணல் துண்டுகள், கந்தல் துணி, பழைய மீன்வலை! ஆம், காகிதம் பிறந்ததே பிறர் வேண்டாமென்று எறிந்த பொருள்களிலிருந்துதான்.

ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கந்தல் துணியே காகிதத்தின் முதன்மையான மூலப் பொருளாக இருந்தது. கந்தலுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1800 ஆம் ஆண்டில் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் அச்சடித்த பழைய தாளிலிருந்து மையை நீக்கி மீண்டும் தாள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 1844 இல் ஜெர்மனியின் சாக்சனியைச் சேர்ந்த கெல்லர் என்பவர் மரத்தைக் கல்லில் அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். அதன் பிறகே காகிதம் மலிந்தது. நாள்தோறும் செய்தித்தாள் அச்சிடுவதும் எளிதாயிற்று.

அரைத்த மரக்கூழில் ஒரு குறை உண்டு. அதன் இழைகள் குட்டையானவை. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருளும் அதில் தங்கிவிடுகிறது. வெயில் பட்ட செய்தித்தாள் மஞ்சளாவதற்கு இதுவே காரணம். மேலும், எழுதும் தாளில் மை ஊறாதிருக்கச் சேர்க்கும் பசைப்பொருள் செய்தித்தாளில் மிகக் குறைவு. ஆகவே அது நீரை விரைவில் குடித்து எளிதில் கூழாகிவிடும். காகித ஆலைக்குக் குறையாக இருந்தது, கூடை செய்பவருக்கு வசதியாயிற்று.

மயிலாப்பூருக்கு வந்த செய்தித்தாள்

செய்தித்தாள் வருவதற்கு முன் நம் வீடுகளில் மிச்சப் பொருளாகக் கிடைத்தவை எவை? பனையோலை, தென்னங்கீற்று, கொட்டாங்கச்சி, கந்தல் துணி. ஓலையில் பெட்டியும் கிலுகிலுப்பையும் முடைந்தனர். கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகி அகப்பை செய்தனர். கிழிந்த வேட்டியைத் திரியாகத் திரித்தனர். துணிப் பொம்மையாகத் தைத்தனர். எந்தப் பொருள் எஞ்சுகிறதோ, அந்தப் பொருளிலேயே கைவேலை பிறந்தது.

1878 இல் சென்னையில் 'தி இந்து' வார இதழாகத் தொடங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882 இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தமிழில் தொடங்கினார். அது 1899 இல் நாளிதழாயிற்று. 1926 இல் 'ஆனந்த விகடன்', 1941 இல் 'கல்கி' என வார, மாத இதழ்களும் பெருகின. வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் நிறைந்த மயிலாப்பூரில் நாள்தோறும் வீட்டுக்குள் வரும் பொருளாகக் காகிதம் ஆகிவிட்டது.

வந்த காகிதத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' போன்ற தொடர்கதைகளின் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்துக்கொண்டனர். மற்றவற்றுள் பெரும்பகுதி தராசுடன் வந்த பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. அவர் எடுக்காத கிழிசலும் கசங்கலும் தண்ணீர்த் தொட்டியில் ஊறின. அந்த மூன்றாவது வழியே நம் கூடையின் தொடக்கம்.

வெந்தயத்தின் வேலை

செய்முறையைப் பாருங்கள். காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். நாள்தோறும் தண்ணீரை மாற்றுவார்கள். பின் நீரைப் பிழிந்து உரலில் இட்டு இடிப்பார்கள். இரவு ஊறவைத்த வெந்தயத்தை வழவழவென்று அரைத்துச் சேர்ப்பார்கள். வாய் அகன்ற பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தி, கூழை ஒரே கனத்தில் அப்பி வெயிலில் வைப்பார்கள். காய்ந்ததும் மேலும் ஒரு பூச்சு. ஓட்டை விழுந்த மூங்கில் கூடைக்கும் முறத்துக்கும்கூட இக்கூழைப் பூசுவதுண்டு.

இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். நீரில் ஊறும்போது இழைகள் பருத்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இடிக்கும்போது முற்றிலும் பிரிகின்றன. காயும்போது, வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை இழைகளை நெருக்கிச் சேர்க்கிறது. நெருங்கிய இழைகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. அதனால்தான் கூழ் இறுகிக் கெட்டியாகிறது. ஆலையில் காகிதம் உருவாவதும் இதே விதியால்தான்.

ஆனால் செய்தித்தாளின் குட்டை இழைகளுக்கு இந்தப் பிணைப்பு மட்டும் போதாது. ஒரு பசை வேண்டும். வெந்தய விதையில் காலக்டோமானன் என்னும் கோந்து மிகுதியாக உள்ளது. ஊறிய வெந்தயத்தை விரலால் தேய்த்தால் வழுக்குகிறதே, அது இந்தக் கோந்துதான். மூலக்கூறு அமைப்பில் இது செல்லுலோஸுக்கு உறவுடைய நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஆதலால் இழைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பதும் பெரியோர் கூற்று.

ஈரத்துணி எதற்கு? கூழ் காயும்போது சுருங்கும். துணி இல்லாவிட்டால் கூடை பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரே தடவையில் கனமாக அப்பாமல் மெல்லிய பூச்சுகளாக இடுவது ஏன்? கனமான கூழின் மேற்புறம் முதலில் காய்ந்து, உட்புறம் பின்னால் காயுமானால் வெடிப்பு விழும். செல்லுலோஸ் என்ற சொல்லையே கேட்டறியாத பெண்கள் இவற்றையெல்லாம் செய்து பார்த்து, தவறித் திருத்தி, அறிந்து வைத்திருந்தனர். சோதனை செய்து உண்மை காண்பதுதானே அறிவியல்?

காஷ்மீரமும் தஞ்சையும்

காகிதக் கூழ்க் கலை நம் நாட்டில் வேறு இடங்களிலும் வளர்ந்தது. 15 ஆம் நூற்றாண்டில் சுல்தான் செயினுலாபுதீன் காலத்தில் நடு ஆசியக் கைவினைஞர்களால் இக்கலை காஷ்மீரத்துக்கு வந்ததாக மரபு கூறுகிறது. இங்கிலாந்தில் 1772 ஆம் ஆண்டு பர்மிங்காமைச் சேர்ந்த ஹென்றி கிளே, காகிதத் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி எண்ணெய் ஏற்றிச் சூட்டில் உலர்த்தி, மரம் போன்ற பலகை செய்யக் காப்புரிமை பெற்றார். அதில் தட்டுகளும் வண்டிகளின் பக்கப் பலகைகளும் செய்தனர்.

தமிழ்நாட்டில் இக்கலையை நவராத்திரி காப்பாற்றி வந்துள்ளது. புரட்டாசியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடந்தால், களிமண் பொம்மைகளோடு காகிதக் கூழ்ப் பொம்மைகளும் விற்பனைக்கு இருப்பதைக் காணலாம். அவை கனமற்றவை, கீழே விழுந்தாலும் களிமண்ணைப் போல் எளிதில் உடையா. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பாருங்கள். அடிப்பகுதி வளைவாகவும் கனமாகவும் இருக்கும். மேற்பகுதி காகிதக் கூழால் ஆன மெல்லிய கூடு. இதனால் அதன் ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வாக அமைகிறது. எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்பதன் இரகசியம் இதுவே.

கையின் அறிவு

இத்தகைய வேலைகளைச் சிறுவர்கள் வீட்டில் பக்கத்தில் அமர்ந்து பார்த்தே கற்றனர். காகிதம் கிழிப்பது அவர்கள் பொறுப்பு. இடிப்பது பெரியவர்கள் பொறுப்பு. இதைக் கல்வி என்று அக்காலத்தில் யாரும் பெயரிடவில்லை. ஆனால் கை வேலையின் வழியாகவே குழந்தையின் அறிவு வளர்கிறது என்று உலகுக்கு எடுத்துரைத்த மேதை ஒருவர் அடையாற்றிலேயே வந்து தங்கினார். 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் வந்த இத்தாலியரான மரியா மாண்டிசோரி அம்மையாரே அவர். ஆசிரியர் பயிற்சி தருவதற்காக வந்தவரை இரண்டாம் உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1946 வரை அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாகப் பணியாற்றினார். நீர் ஊற்றுதல், துணி மடித்தல், பெருக்குதல் ஆகிய அன்றாட வேலைகள் அவருடைய முறையில் பாடங்களாக இடம்பெற்றன.

பின்னர் 1972 இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில், செய்து கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. அங்கே சென்று பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவ கணிதம் கற்பிக்கும் வழியைக் கண்டார். தீக்குச்சி முக்கோணம் அசையாது. சதுரம் நசுங்கிச் சாயும். பாலங்களில் ஏன் முக்கோணச் சட்டங்கள் உள்ளன என்பது குழந்தைக்கு அந்தக் கணமே விளங்கிவிடும். அவருடைய நூல்கள் தமிழிலும் வந்துள்ளன. 2018 இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. வீட்டில் எஞ்சும் பொருளே நல்ல ஆய்வுக் கருவி என்பதற்கு இது மற்றொரு சான்று.

கூடை ஏன் மறைந்தது?

அப்படியானால் நம் காகிதக் கூடை ஏன் பரணுக்குப் போயிற்று? முதலில் எவர்சில்வர் வந்தது. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடைகள் பெருகின. அடுத்துப் பிளாஸ்டிக் வாளியும் கூடையும் வந்தன. அவை நீரில் ஊறா, பூச்சி அரிக்கா, விலையும் குறைவு. பெண்கள் கைவேலையை விட்டுவிடவில்லை. வயர் கூடை பின்னினர். ஆனால் அந்த வயரைக் கடையில் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. உரல் இருந்த முற்றமும் கூழ் உலர்த்திய மொட்டை மாடியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கிடைப்பது அரிதாயிற்று.

காகிதக் கூடை உடைந்தால் மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டிக் கூடை உடைந்தால் எங்கே போகும்? தென் சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் கொட்டப்பட்டது. அதே சதுப்பு நிலம் 2022 இல் பன்னாட்டுச் சிறப்புமிக்க ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நாம் எளிதாகக் கைவிட்ட பழக்கங்களைச் சட்டத்தாலும் இயக்கத்தாலும் மீட்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

ஆலைகளும் கழிவின் அருமையை உணர்ந்துள்ளன. 1979 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூருக்கு அருகில் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சாறு பிழிந்து எறியும் சக்கை, மரத்தை வெட்டாமல் காப்பாற்றுகிறது! ஆயினும் ஓர் இழையை எத்தனை முறையும் புதுப்பிக்க இயலாது. ஐந்து முதல் ஏழு முறை கூழாக்கினால் இழை மேலும் மேலும் குறுகித் தாளாகப் பயன்படாத நிலை வரும். அவ்வாறு களைத்துப்போன இழைக்கும் கூடையில் இடம் உண்டு.

நீங்களும் செய்யலாம்

கோடை விடுமுறையில் குழந்தைகளோடு இதைச் செய்து பாருங்கள். சித்திரை, வைகாசி வெயில் இதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூழ் காயாமல் பூஞ்சை பிடித்துவிடும். உரல் இல்லாவிட்டால் நன்றாக ஊறிய கூழைக் கையாலேயே பிசையலாம். உணவுக்குப் பயன்படும் மிக்சியில் அரைக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. அக்காலத்தில் இக்கூடைகளில் அரிசியும் பருப்பும் வைத்ததுண்டு. அச்சு மையில் உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் இருக்கக்கூடும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொதிவதற்கு எதிராக 2016 இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. ஆகவே உங்கள் கூடையில் எழுதுகோல், நூல்கண்டு, பொம்மை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள், தின்பண்டம் வேண்டாம். முன்னோர் செய்தது எல்லாமே சரி என்று கொள்வதும் அறிவியல் ஆகாது.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இக்கூடையைச் செய்த மூதாட்டி ஒருவர் இருந்தால், இன்றே அவரிடம் கேளுங்கள். ஒரு படி கூழுக்கு எவ்வளவு வெந்தயம்? புளியங்கொட்டைப் பசை சேர்த்தாரா? எத்தனை நாள் காயவைத்தார்? எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள். காகிதமும் வெந்தயமும் நாளையும் கிடைக்கும். அளவு அறிந்த கை கிடைக்காது.