பியோனி விளக்கும் பேய்க் காதலும்

1666இல் ஜப்பானில் 13 பாகங்களாக வெளிவந்த ‘ஒதோகிபோகோ’ 68 அமானுஷ்யக் கதைகளின் தொகுப்பு. மரப்பலகையில் எழுத்தையும் படத்தையும் செதுக்கி அச்சிட்ட நூல். எழுதியவர் அசாய் ரியோய் என்ற பௌத்தத் துறவி. அதிலுள்ள பியோனி விளக்குக் கதைதான் இன்றுவரை பேர்பெற்றது. மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், பணிப்பெண் பியோனிப் பூ விளக்கேந்தி வர, தன் வாசல் வழியே போகும் அழகியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். இரவுதோறும் அவள் வருகிறாள். பக்கத்து வீட்டுக் கிழவர் சுவர் இடுக்கில் எட்டிப் பார்த்தால், அவன் கொஞ்சிக்கொண்டிருப்பது ஓர் எலும்புக்கூட்டோடு! காமத்தையும் பயத்தையும் கலந்து காசு பார்த்த சரக்கு என்று இத்தகைய கதைகளை ஒதுக்குவது எளிது. காசு பார்த்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் திருமணத்தைக் குடும்பமே தீர்மானித்த ஒரு சமூகத்தில், தானாகவே ஆணின் வீடு தேடி வரும் பெண்ணைக் கதைக்குள் கொண்டுவர, அவளைச் செத்தவளாக்குவதே தோதான வழியாக இருந்தது. பயம் இங்கே ஆசைக்கு வாங்கிய அனுமதிச் சீட்டு.

இது சீனாவிலிருந்து இரவல் வாங்கிய கதை, ஜப்பானியச் சமூகத்தைப் பற்றி இது என்ன சொல்லிவிடும் என்று கேட்கலாம். இரவல்தான். 14ஆம் நூற்றாண்டில் சூ யூ எழுதிய ‘ஜியன்டெங் ஷின்ஹுவா’வில் இதன் மூலம் இருக்கிறது; 1442இல் மிங் அரசு அந்த நூலைத் தடைசெய்தது. ஆனால் ரியோய் மாற்றியவற்றைக் கவனிக்க வேண்டும். சீனக் கதை நிங்போ நகரில், முதல் மாதத்து விளக்குத் திருவிழாவில் தொடங்குகிறது. ரியோய் அதைக் கியோத்தோவுக்கும், இறந்தோர் வீடு திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் நாட்களுக்கும் நகர்த்தினார். மூலத்தில் செத்த பிறகும் ஊரைக் கலங்கடிக்கும் காதலர்களைத் தாவோ துறவி ஒருவர் பிடித்து விசாரித்துத் தண்டிக்கிறார். ரியோயிடம் விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. தாமரைச் சூத்திரம் ஓதியதும் ஆவிகள் அடங்கிவிடுகின்றன. குற்றவாளிகள் இங்கே சாந்தி தேடும் ஆத்மாக்கள் ஆகிவிட்டார்கள்.

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் நல்வழி காட்டவே எழுதியதாக ரியோய் முன்னுரையில் சொல்வதை வைத்து, இது வெறும் எச்சரிக்கை நூல் என்பாரும் உண்டு. துறவி வேறு எப்படிச் சொல்வார்? எச்சரிக்கைதான் கதையின் உயிர் என்றால், பின்னால் வந்தவர்கள் அதையல்லவா கூர்மைப்படுத்தியிருக்க வேண்டும்? நடந்தது வேறு. 1860களின் தொடக்கத்தில் சான்யூதெய் என்சோ என்ற மேடைக் கதைசொல்லி இதை நீண்ட தொடர்கதையாக வளர்த்தார். அதில் ஒட்சுயு என்ற பெண், சேர முடியாத காதலனுக்காக ஏங்கியே இறந்து, ஆவியாக அவனிடம் வருகிறாள். அவளைத் தடுக்க ஒட்டிய தாயத்துச் சீட்டை, பேயிடமே 100 ரியோ பொன் வாங்கிக்கொண்டு பிய்த்தெறிபவன் பக்கத்து வீட்டுத் தோமோசோ. எலும்புக்கூட்டைக் கண்டு எச்சரித்த பழைய அண்டைவீட்டுக்காரரின் இடத்தில் இப்போது ஒரு பேராசைக்காரன். பழி காமத்திலிருந்து பணத்துக்கு இடம் மாறிவிட்டது. 1884இல் என்சோ சொன்னதைச் சுருக்கெழுத்தில் பிடித்து நூலாக்கினார்கள். 1892இல் அது கபுகி நாடகமாக மேடையேறியது. நீதிக்காகவே வாசித்தார்கள் என்றால், தண்டனை உதிர்ந்து காதல் மட்டும் 200 ஆண்டுகளுக்கு மேல் தழைத்ததற்கு விளக்கமே இல்லை. இது எச்சரிக்கை நூலல்ல. எச்சரிக்கையின் மறைவில் அச்சேறிய காதல் நூல்.