சுருள்வில் காற்றுத் துப்பாக்கி: மசகும் பராமரிப்பும்

விசையை இழுத்ததும் விடுபடும் சுருள்வில் பிஸ்டனை முன்னே தள்ள, அமுங்கிய காற்று ஈயக் குண்டை உந்தும் துப்பாக்கி இது. அமுங்கும் கணத்தில் காற்று கடுமையாகச் சூடேறும்; மசகிடுவதில் உள்ள சிக்கலெல்லாம் இதனால்தான். காற்று அமுங்கும் அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் மிகுந்தால், டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் அது தீப்பற்றி வெடிக்கும். புகை வரும், ஓசை உரக்கும், பிஸ்டன் வாஷரும் சுருள்வில்லும் சிதையும். இங்கிலாந்தைச் சேர்ந்த கார்டியூ என்ற பெயருடைய ஆய்வாளர்கள் இருவர், காற்றுக்குப் பதிலாக எரிதலுக்கு உதவாத நைட்ரஜனை நிரப்பிச் சுட்டுப் பார்த்தபோது குண்டின் வேகம் வெகுவாகக் குறைந்தது. ஓரளவு எரிதல் வழக்கமான சுடுதலிலும் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

பிஸ்டன் உரசும் பக்கங்களுக்கு மாலிப்டினம் டைசல்பைடு கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். சுருள்வில்லின் அதிர்வை அடக்க, ஒட்டும் தன்மையுள்ள கெட்டிக் கிரீஸ் ஏற்றது. சிலிக்கோன் எண்ணெய் எளிதில் தீப்பற்றாது; ஆனால் உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் அது தாங்காது. பழைய துப்பாக்கிகளின் தோல் வாஷர் காயாமலிருக்க அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் வேண்டும். செயற்கை வாஷருக்கு மிகக் குறைவே தேவை. தாராளமாக எண்ணெய் விடும் பழக்கமே இங்கு பெரிய பகை.

குண்டில்லாமல் சுடக் கூடாது: தடுக்கும் காற்று வெளியேறிவிட, பிஸ்டன் அறையின் முனையில் மோதும். துப்பாக்கியைக் கழற்றும்போது வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி கட்டாயம். விடுபட்டுத் தெறிக்கும் வில் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.